டாக்டரின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி? அதில் நுரையீரல் புற்றுநோயும் தோல் நோயும் கலந்து வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது நுரையீரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால், அடுத்த பேச்சு பெங்களூரா, வேலூரா, சேலமா, அடையாறா என்பதுதான். கூடவே யாராவது ஒரு டாக்டரின் பெயரையும் சொல்வார்கள். இணையத்தில் அவர் படத்துக்குக் கீழே ‘150க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வுத் துறை: நுரையீரல் புற்றுநோய், தோல் நோய்’ என்று போட்டிருக்கும். வீட்டில் நர்சிங்கோ பார்மசியோ எம்.பி.பி.எஸ்ஸோ படிக்கிற பிள்ளை இருந்தால் போன் அதன் கைக்கு வந்துவிடும். “கண்ணு, இவரு பெரிய ஆளான்னு பாரு.”

இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்குத்தான். நூலகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வந்துகொண்டே இருக்கிறது. என்ன வைத்தியம் செய்யலாம் என்பது இதில் கிடையாது. பட்டியலை எப்படிப் படிப்பது என்பது மட்டும்தான். ஒரு போனும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

தேடுவதற்கு முன்

ஒருவர் எதை ஆராய்ந்திருக்கிறார் என்பதைத்தான் ஆய்வுக் கட்டுரை சொல்லும். நோயாளியிடம் எப்படிப் பேசுவார், ராத்திரி மூச்சுத் திணறினால் போனை எடுப்பாரா, இதெல்லாம் அதில் தெரியாது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-ல். புறநோயாளிகள் வரிசை முடிவதற்குள் மதியம் தாண்டிவிடும் இடங்களில், எழுத உட்கார நேரமே கிடைக்காத நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். பட்டியல் நீளமாக இல்லை என்பதற்காக யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

பட்டியல் உண்மையில் உதவுவது சில இடங்களில்தான். கட்டியில் அரிதான மரபணு மாற்றம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கலாம். புதிய மருந்துக்கான சோதனையில் சேரச் சொல்லியிருக்கலாம். அல்லது நீங்களே மேற்படிப்புக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கலாம். இதில் எது உங்கள் கேள்வி என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 150 தலைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 1: ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்துக்குப் போங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெயரைத் தட்டி, பின்னால் சதுர அடைப்புக்குள் ‘ஏ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டால் எழுத்தாளர் பெயரில் மட்டும் தேடும்.

பப்மெட் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கிவிடும். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர் கந்தசாமி, டாக்டர் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் ‘செல்வி கே’ என்று வருவார். பாஸ்போர்ட் எடுத்த பிறகு எழுதிய கட்டுரையில் ‘கந்தசாமி எஸ்’ ஆகிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரும் சேர்ந்தால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுகிறார். அப்புறம், ‘குமார் எஸ்’ என்று தேடிப் பாருங்கள். இந்தியா முழுக்க இருக்கிற எத்தனையோ குமார்கள் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். நுரையீரலில் ஒரு குமார், தோலில் வேறொரு குமார். இரண்டும் ஒருவர்தான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். சீனப் பெயர்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

பிரித்தெடுக்க மூன்று வழிகள். முதலாவது, ஆர்கிட் எண். ஆய்வாளருக்கு ஆதார் மாதிரி 16 இலக்கம், 2012-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவருடைய ஆர்கிட் பக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதை அவரே நிரப்புகிறார் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே இருக்கும் துறையும் ஊரும். ஏறக்குறைய 2014-க்கு முந்தைய பதிவுகளில் பப்மெட் முதல் எழுத்தாளரின் முகவரியை மட்டும்தான் வைத்திருந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் மூலத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மூன்றாவது, கூட எழுதியவர்கள். ஒரே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கூகுள் ஸ்காலரையும் பாருங்கள், ஆனால் அளவோடு. ஒருவர் தனக்கான பக்கத்தைத் திறந்துவிட்டால், அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரையும் தானாகவே அதில் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. அதை நீக்குவதும் விடுவதும் அவர் விருப்பம்.

படி 2: நுரையீரலும் தோலும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று கேளுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. இரண்டு துறைகள் சேர்ந்திருந்தால், பெயர்க் குழப்பத்தைத் தவிரவும் காரணங்கள் பல உண்டு. அவற்றில் சில மிக நல்ல காரணங்கள்.

முதல் காரணம் மருந்து. நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தின் மரபணு மாறியிருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றம் மேலை நாட்டினரைவிட ஆசியர்களிடம் கூடுதல். அதே புரதம் நம் தோலிலும் மயிர்க்கால்களிலும் இருக்கிறது. ஆகவே கட்டியைத் தாக்கும் மாத்திரை தோலையும் தொடும். தொடங்கி ஓரிரு வாரத்தில் முகம், மார்பு, முதுகில் பரு மாதிரி சீழ்க்கொப்புளங்கள் கிளம்பும். பிறகு நகக்கண் வீங்கும். நம் பக்கத்தில் இதை அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டுகிறவர்களும் உண்டு, அலர்ஜி என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்ட வேண்டும். கொப்புளம் வந்தவர்களில் மருந்தின் பலன் கூடுதலாக இருந்ததாகவே சில ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. இந்தத் தோல் தொல்லையைத் தடுப்பது எப்படி, சமாளிப்பது எப்படி என்பதே இன்று தனி ஆய்வுப் பிரிவாகிவிட்டது. ஒருவரின் பட்டியலில் இந்த இழை தெரிந்தால் அவருக்கு இரண்டு துறையும் ஒரே வேலைதான்.

நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகளிலும் இதே கதை உண்டு. அரிப்பு, தடிப்பு, சிலருக்கு நீர்க்கொப்புளம், சோரியாசிஸ் கிளம்புவது என்று தோல் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து எழுத வேண்டிய நிலை.

நோயே இரண்டு இடத்திலும் காட்டுவதும் உண்டு. டெர்மட்டோமயோசிடிஸ் என்று ஒன்று: கண் இமையில் ஊதாச் சிவப்பு, விரல் மூட்டுகளில் தடிப்பு, தசைத் தளர்ச்சி. பெரியவர்களுக்கு இது வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்தத் தேடலில் நுரையீரலும் ஒரு முக்கிய இடம். ஆர்சனிக் கலந்த தண்ணீரை நெடுநாள் குடித்தால் தோலிலும் புற்றுநோய் வரும், நுரையீரலிலும் வரும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று கல் தூள். கிரானைட்டை அறுக்கும்போதும் மெருகேற்றும்போதும் பறக்கும் சிலிக்காத் தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அதே தூசிக்கும், தோல் இறுகிப்போகும் ஸ்க்ளெரோடெர்மா நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. தொழில்சார் நோய்களை ஆராயும் ஒருவரின் பட்டியலில் நுரையீரலும் தோலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாமந்தித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வரும் கை அரிப்பைப் பற்றியும் அதே ஆள் எழுதியிருக்கலாம்.

நோயியல் வல்லுநர், புள்ளியியல் வல்லுநர் போன்றவர்களின் பட்டியலில் எல்லா உறுப்பும் வரும். அவர்கள் வேலை அப்படி. அதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் சிகிச்சைக்கு அணுக வேண்டிய ஆள் அவரா என்பது வேறு கேள்வி.

சரி, சந்தேகப்பட வேண்டியது எப்போது? இந்த மாதம் நுரையீரல் புற்றுநோய், அடுத்த மாதம் சோரியாசிஸ், அதற்கடுத்து எலும்புத் தேய்மானம். எல்லாமே பொதுவில் கிடைக்கும் மரபணுத் தரவைக் கணினியில் ஓட்டி, ஒரே அச்சில் வார்த்தவை, தலைப்பில் நோயின் பெயர் மட்டும் மாறுகிறது என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த முறையே மோசம் என்று சொல்லவில்லை. ஒன்று நோய்க்குக் காரணமா என்று மரபணு வேறுபாடுகளை வைத்துப் பார்க்கும் மெண்டலியன் ரேண்டமைசேஷன் மாதிரியான முறைகளில் அருமையான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட முப்பது கட்டுரையை வைத்து ஒருவரை நுரையீரல் நிபுணர் என்று சொல்ல முடியாது.

படி 3: கட்டுரைகளை வகை பிரியுங்கள்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு யாரும் விலை பேசுவதில்லை. மேல் அடுக்கைத் தள்ளி அடியில் கை விட்டுப் பார்ப்பார்கள். 150 கட்டுரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பப்மெட்டில் கட்டுரை வகையை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு நோயாளியின் கதையைச் சொல்வது, ஆசிரியருக்குக் கடிதம், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து மருந்தை ஒப்பிட்ட சோதனை: இவை எல்லாமே பட்டியலில் ஒவ்வொன்றாகத்தான் எண்ணப்படும். அரைப் பக்கக் கடிதமும் ஒன்று, ஐந்து வருடம் நடந்த சோதனையும் ஒன்று.

தோல் துறையில் ஒரு நோயாளிக் கட்டுரைகள் அதிகம் வருவது இயல்பு, கண்ணால் பார்த்துக் கற்கும் துறை அது. அதற்காகக் குறைத்து எடைபோட வேண்டாம். நுரையீரல் புற்றுநோயில் ‘எந்த மருந்து ஆயுளைக் கூட்டுகிறது’ என்ற கேள்விக்கு மட்டும் குலுக்கல் சோதனையைத்தான் தேட வேண்டும். ஏ549 என்று தலைப்பில் பார்த்தால் அது ஆய்வகத்தில் வளர்க்கும் நுரையீரல் புற்றுச் செல். ஹாகாட் என்றால் தோல் செல். கண்ணாடித் தட்டில் செல் செத்தது என்பதற்கும் நோயாளி பிழைத்தார் என்பதற்கும் இடையில் நெடுந்தூரம்.

படி 4: பெயர் எந்த இடத்தில் இருக்கிறது?

மருத்துவக் கட்டுரையில் வழக்கமாக முதல் பெயர், வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருடையது. தொடர்பு எழுத்தாளர் என்று நட்சத்திரக் குறி போட்டிருப்பவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நாற்பது பேர் நடுவில் இருபத்திரண்டாவதாக இருந்தால், பல மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனைக்குத் தன் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவராக இருக்கலாம். அது சின்ன வேலை இல்லை. ஆனாலும் ‘அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்’ என்று வாட்ஸ்அப்பில் போடுவது அதிகப்படி.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு எழுத்தாளராக இருக்க நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: திட்டமிடுவதிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். நடைமுறையில் துறைத் தலைவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் ஏறுவதை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கட்டுரையின் முடிவில் ‘யார் என்ன செய்தார்’ என்று ஒரு பத்தி இப்போது பல இதழ்களில் இருக்கிறது. அங்கே அவர் பெயருக்கு எதிரே ‘மேற்பார்வை’ மட்டும் இருக்கிறதா, வேறு வேலையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: இதழும் எண்களும்

இதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் மக்கள் இதற்குத் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறார்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது இதழின் சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றை, ஒரு ஆண்டில் மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு. குறிப்பிட்ட ஒரு கட்டுரை நல்லதா என்பதை அது சொல்லாது. எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 20 என்றால், குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று பொருள். வயது ஏற ஏற இது கூடும், குறையவே குறையாது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் ஏறும். நுரையீரல் புற்றுநோயில் எழுதுபவர்களும் படிப்பவர்களும் உலகம் முழுக்க ஏராளம். அரிய தோல் நோயில் சிலரே. எனவே இந்த எண்ணை வைத்துத் தோல் டாக்டரையும் புற்றுநோய் டாக்டரையும் பக்கத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

இதழ் எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால், பரிசீலித்துத் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்க்கும் மெட்லைன் தொகுப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பப்மெட்டில் தெரிவது எல்லாம் மெட்லைன் கிடையாது. லங் இந்தியா, இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் இதழ் போன்ற நம் நாட்டு இதழ்களைக் குறைவாக நினைக்காதீர்கள். நம் நோயாளிகளைப் பற்றி அவற்றில்தான் அதிகம் வரும். காசு கட்டினால் நான்கு நாளில் அச்சேற்றும் இதழ்கள்தான் பிரச்சினை. பதவி உயர்வுக்குக் கட்டுரை கணக்குக் கேட்கும் வரை அந்தக் கடைகள் மூடாது என்பது என் எண்ணம்.

படி 6: திரும்பப் பெற்ற கட்டுரை உண்டா?

இதை மட்டும் யாரும் விடக் கூடாது. தவறோ மோசடியோ தெரிந்து திரும்பப் பெற்ற கட்டுரையைப் பப்மெட்டில் திறந்தாலே மேலே எச்சரிக்கைப் பட்டை தெரியும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். 2023-லிருந்து அதை கிராஸ்ரெஃப் அமைப்பு எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையது.

நுரையீரல் புற்றுநோயிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஆரம்பக் கட்ட நோயாளிகளில் யாருக்கு நோய் திரும்பும் என்று மரபணுக்களை வைத்துக் கணித்துவிடலாம் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2006-ல் எழுதியது. வெளியிட்டது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். அதைவிடப் பெரிய இதழ் சொல்வது கடினம். ஹூஸ்டனைச் சேர்ந்த இரண்டு புள்ளியியல் வல்லுநர்கள் அந்தக் குழுவின் கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது ஒத்துவரவில்லை. வருடக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். அந்தக் குழுவின் கணிப்பு முறைகளை நம்பி நோயாளிகள் மீது சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் 2010-ல் வேறு வழியில் விஷயம் உடைந்தது: முக்கிய ஆய்வாளர் தன் சுயவிவரத்தில் போட்டிருந்த ரோட்ஸ் உதவித்தொகை (ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கிடைக்கும் பெருமைமிக்க உதவித்தொகை) பொய் என்று தெரியவந்தது. சோதனைகள் நின்றன, 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதழின் பெயர் பெரியது என்பதால் ஐந்து வருடம் அது தாக்குப் பிடித்தது.

படங்களிலும் கவனம் வேண்டும். 2016-ல் எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவர் குழுவினரும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கண்ணால் பார்த்தே ஆராய்ந்தபோது, 3.8 சதவீதத்தில் ஒரே படம் தகாத முறையில் இரு இடத்தில் வந்திருந்தது. வெளிவந்த கட்டுரைகளைப் பற்றி யாரும் கருத்து எழுதக்கூடிய பப்பியர் தளத்தில் இப்படிப்பட்ட புகார்கள் வரும். புகார் வேறு, தீர்ப்பு வேறு; ஆசிரியர் என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்பதையும் படியுங்கள். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றவர் என்றால், என் கணக்கில் அவர் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

படி 7: சோதனையில் சேரச் சொன்னால்

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-ல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். சோதனையின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தளத்தில் போட்டால் யார் பணம் கொடுக்கிறார்கள், எந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா, எதை வெற்றி என்று அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் வரும். எண் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ஆய்வாளரின் பழைய சோதனைகளையும் அதே தளத்தில் தேடி, முடிந்தவை கட்டுரையாக வந்தனவா என்று பப்மெட்டில் ஒத்துப் பாருங்கள். தொடங்கியது பல, வெளிவந்தது ஒன்றிரண்டு என்றால் ஏன் என்று கேட்கலாம்.

முழுக் கட்டுரை கிடைக்காதபோது

பப்மெட்டில் சுருக்கம் மட்டும் தெரிந்து, முழுசுக்குப் பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள். பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்களோ உறவினர் பிள்ளையோ அரசுக் கல்லூரியில் படித்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் ஆயிரக்கணக்கான இதழ்கள் கல்லூரி வழியாகவே திறக்கும். நூலகரிடம் உள்நுழைவு விவரம் கேளுங்கள். பல மாணவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. அதுவும் இல்லையென்றால் தொடர்பு எழுத்தாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பெரும்பாலும் சந்தோஷமாகவே அனுப்பிவைப்பார்கள்.

கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள். அவர் முதலாவதாகவோ கடைசியாகவோ இருக்கும், உங்கள் கேள்விக்கு நெருக்கமான மூன்றை எடுங்கள். எத்தனை நோயாளிகள், எந்தக் கட்டத்து நோய், பக்க விளைவு எப்படி இருந்தது, பணம் யாருடையது என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு டாக்டரைப் பார்க்கப் போங்கள். ‘உங்கள் இந்தக் கட்டுரையில் இருந்தவர்களைப் போலத்தானா எங்கள் பெரியப்பாவும், இல்லை அவர் நிலை வேறா?’ என்று நேராகக் கேட்கலாம். அதற்கு அவர் சொல்லும் பதிலையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.